வீட்டிலிருந்தபடியே சபர்

நம்மவர் கடல் கடந்து வியாபாரம் செய்த வரலாற்றைப் பேசப் புகுந்தால் 'சபராளி' என்ற சொல் தானாக வந்து நிற்கும். சபர் என்றால் பிரயாணம். பிழைப்புக்காகச் சபர் போனவர் சபராளி. இராமநாதபுரம், தஞ்சை, திருநெல்வேலி ஜில்லாக்களின் முஸ்லிம் ஊர்களில் ஒரு காலத்தில் சபராளி இல்லாத தெரு இராது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்குவார்கள். (அத்துறைமுகம் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது 1972ல்.) 'ரஜூலா' என்னும் கப்பல் 1926ல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை இந்த வழியில் ஓடிற்று. அதில் வந்த நம் வியாபாரிகளில் அநேகர் மனைவி மக்களை ஊரிலேயே விட்டு வந்தவர்கள். இரண்டு வருஷம், மூன்று வருஷம், சில சமயம் அதற்கும் மேல் கழித்துத்தான் ஊர் திரும்புவார்கள்.

அவர்கள் புறப்படும்போது வயிற்றிலிருந்த பிள்ளை, திரும்பும்போது ஓடியாடும். பெட்டியுடன் வாசலில் வந்து நிற்கும் மனிதரைக் கண்டு உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். "இவர்தான் உன் வாப்பா" என்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். பிள்ளை மெல்ல மெல்லப் பழகி, மடியில் வந்து உட்காரத் தொடங்கும் சமயத்தில் மறுபடியும் கப்பலேற நாள் வந்துவிடும். இந்தத் துயரத்தைப் பெண்கள் அழுது ஆற்றிக்கொண்டார்கள். ஆண்கள் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. பணம் அனுப்பியதோடு தம் கடமை தீர்ந்ததென்று சிலர் எண்ணினார்கள். வேறு சிலர் எண்ணவில்லை, ஆனாலும் வேறு வழியில்லாமல் இருந்தார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. நம்மில் பலர் இந்நாட்டுப் பிரஜைகள்; குடும்பமும் இங்கேயே இருக்கிறது. ஆகவே அந்தப் பழைய பிரிவு தீர்ந்துவிட்டதென்று சொல்லலாமா? நமது சுங்கை வே வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். இப்போது அதற்கு ஸ்ரீ செத்தியா என்று பெயரிட்டிருந்தாலும் நம் வாயில் சுங்கை வே என்றுதான் வருகிறது. 1972ல் இங்கே சுதந்திர வர்த்தக வலயம் அமைந்த பிறகு, தொழிற்சாலைகளின் ஷிப்ட் நேரத்தை ஒட்டியே சாப்பாட்டுக் கடைகளின் நேரமும் அமைந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு விடியற்காலையில் தேத்தண்ணீர் வேண்டும். மாலை ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு நள்ளிரவில் ரொட்டி வேண்டும். கடை திறப்பது ஸுபுஹுக்கு முன்னால், கணக்கு முடிப்பது இஷாவுக்கு வெகு நேரம் பின்னால். மளிகைக் கடைக்காரரும் துணிக் கடைக்காரரும் இதைவிடச் சற்றே சுகப்பட்டவர்கள், அவ்வளவுதான்.

வியாபாரிகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆதலின் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தகப்பனார் காலை ஐந்தரை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறார். இரவு பதினொன்றரைக்குத் திரும்புகிறார். மூன்று வயதுப் பிள்ளை காலை ஏழு மணிக்கு விழித்து, இரவு ஒன்பதுக்குத் தூங்கிவிடுகிறது. தகப்பனார் வீட்டில் இருக்கும் ஆறு மணி நேரமும் பிள்ளை தூங்குகிறது. பிள்ளை விழித்திருக்கும் பதினான்கு மணி நேரமும் தகப்பனார் கடையில் இருக்கிறார். இரண்டும் சந்திக்கும் நேரம் பூஜ்யம். கடைக்கு வார விடுமுறையும் இல்லையென்றால் மாதக் கூட்டுத்தொகையும் பூஜ்யமே. அடுத்த தெருவிலுள்ள கடைக்குப் போய் வருகிற இவரைச் சபராளி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அந்தக் காலத்துச் சபராளியாவது ஊருக்கு வந்த மூன்று மாதமும் முழு மனிதராக வீட்டில் இருந்தார்.

"யாருக்காக இப்படி உழைக்கிறேன்? இந்தப் பிள்ளைகளுக்காகத்தானே!" என்று நம் சகோதரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கடை வாடகை, சரக்குக்காரர் பாக்கி, ஆட்களின் சம்பளம், வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கட்டும் லெவி எல்லாம் தவறாமல் வந்து நிற்கின்றன. குடும்பத்துக்காக நல்லெண்ணத்துடன் செலவு செய்வதும் ஸதக்காவாகும் என்று நமது நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். ஹலாலான சம்பாத்தியத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் செலவு செய்வதோடு தகப்பன் வேலை முடிந்துவிட்டதா என்பதுதான் நாம் படிக்க வேண்டிய பாடம்.

தமீம் கோத்திரத்துத் தலைவர் அக்ரஃ இப்னு ஹாபிஸ் என்பவர், பெருமானார் (ஸல்) அவர்கள் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிடுவதைப் பார்த்தார். தமக்குப் பத்துப் பிள்ளைகள் உண்டென்றும், ஒருவரையும் தாம் முத்தமிட்டதில்லையென்றும் கூறினார். அவர் அதைப் பெருமையாகவே சொல்லியிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். பாலைவனத் தலைவர் ஒருவருக்குக் கண்டிப்பாக இருப்பதுதான் ஆண்மை! பெருமானார் அவரை உற்றுப் பார்த்து, இரக்கம் காட்டாதவனுக்கு இரக்கம் காட்டப்படாது என்ற கருத்தில் பதிலளித்தார்கள். அக்ரஃ தம் பத்துப் பிள்ளைகளுக்கும் சோறு போடாமலா இருந்திருப்பார்? அதைப் பற்றிய பேச்சே அங்கு எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தொழுகையைவிட உயர்ந்த வேலை முஃமினுக்கு எது? அந்தத் தொழுகையிலே பெருமானார் சிறு பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த விதத்தைப் பாருங்கள். தம் மகளார் ஸைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைச் சுமந்தபடியே தொழுவார்கள். ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி வைப்பார்கள். எழும்போது மறுபடியும் தூக்கிக்கொள்வார்கள். ஒரு முறை ஸுஜூது மிகவும் நீண்டுவிட்டது. ஏதோ ஆபத்து நேர்ந்ததோ, வஹீ இறங்குகிறதோ என்று ஸஹாபாக்கள் கலங்கினார்கள். பிறகு விசாரித்தபோது, பேரப்பிள்ளை முதுகில் ஏறியிருந்ததாகவும், அதன் ஆசை தீருமுன் அவசரப்படுத்த மனமில்லையென்றும் தெரிந்தது. இது தொழுகையை நீட்டிய செய்தி. சுருக்கிய செய்தியும் உண்டு. நீண்ட தொழுகை நடத்த நாடி நின்றவர்கள், பின் வரிசையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். குத்பா மேடையிலிருந்து, தடுக்கித் தடுக்கி நடந்துவந்த இரு பேரர்களையும் தூக்க இறங்கி வந்ததும் ஹதீஸ் கிரந்தங்களில் உள்ளதே.

ஜமாஅத் முழுவதும் பின்னால் நிற்க, ஒரு குழந்தைக்காக ஸுஜூது நீண்டது. ஒரு குழந்தைக்காகத் தொழுகை சுருங்கிற்று. நமது கல்லாப்பெட்டி அதைவிட மேலானதன்று.

இனி வீட்டுக்குள் நடப்பதைச் சற்றுப் பார்ப்போம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு நாள் போல் மறுநாள் இராது. நேற்றுச் சிரித்து விளையாடிய பிள்ளைக்கு இன்று பல் முளைக்கும் வேதனை. மூத்தது தாடிக்காவுக்குப் போக மாட்டேனென்று காலைக் கட்டிக்கொண்டு அழும். இளையது அதைப் பார்த்து அழும். புதுக் குழந்தை வந்த வீட்டில், அதுவரை பாயிலேயே ஒன்றுக்குப் போகாதிருந்த மூன்று வயதுப் பையன் மறுபடியும் போகத் தொடங்குவான். அது பிடிவாதமல்ல, தன் இடம் பறிபோயிற்றோ என்ற அச்சம். நடு இரவில் ஜுரம் வரும்; ஈரத்துணி வைத்து விடியும் வரை உட்கார்ந்திருப்பாள் தாய். காலையில் பிள்ளை எழுந்து ஒன்றும் நடவாதது போலப் பிஸ்கோத்துக் கேட்கும். அந்தச் சந்தோஷத்தையும் அவள் தனியாகத்தான் அனுபவிக்கிறாள்.

ஊரிலே இதற்கெல்லாம் கை கொடுக்க நன்னி இருந்தார், மாமி இருந்தார், பக்கத்து வீட்டு லாத்தா சுவருக்கு மேலாகக் குழந்தையை வாங்கிக்கொள்வார். இங்கே அடுக்குமாடி வீட்டில் இரும்புக் கதவைச் சாத்தினால் அவளும் பிள்ளைகளுமே உலகம். இரவு பதினொன்றரைக்கு அலுத்து வருகிற கணவர், சிதறிக் கிடக்கும் விளையாட்டுச் சாமான்களைப் பார்த்துவிட்டு, "நாள் முழுக்க வீட்டிலே இருந்து என்னதான் செய்தாய்?" என்று கேட்டுவிடுகிறார். அவள் "ஒன்றுமில்லைங்க" என்று சொல்லிச் சாப்பாட்டைச் சுட வைக்கப் போகிறாள். அன்று அவள் என்னவெல்லாம் செய்தாள் என்பதை அவர் என்றைக்குமே அறியப்போவதில்லை. நம் வீடுகளின் சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கின்றன என்பது நம் அபிப்பிராயம்.

பிரசவத்துக்குப் பின் சில தாய்மார்கள் காரணமின்றி அழுவார்கள். பெரும்பாலோருக்கு அது இரண்டு வாரத்துக்குள் தானாகத் தெளிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால், தூக்கமும் பசியும் போய்விட்டால், குழந்தையிடமே ஒட்டுதல் இல்லாமற்போனால், அது மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். அரசாங்கத்தின் தாய் சேய் நலக் கிளினிக்கில் தாதியிடம் சொன்னால் போதும், வழி காட்டுவார்கள். அது ஜின்னுமல்ல, திமிருமல்ல. தாவீஸுக்கு அலையுமுன் டாக்டரைப் பார்க்க வேண்டும். இதைக் கவனிக்கக் கணவர் வீட்டில் இருந்தால்தானே தெரியும்!

பிள்ளை வளர்ப்பு தாயின் தனி இலாகா என்ற எண்ணம் நம்மிடம் வேரோடியிருக்கிறது. குர்ஆன் ஷரீபில் அல்பகரா சூராவின் 233ஆம் ஆயத்தை ஒரு முறை அர்த்தத்துடன் ஓதிப் பாருங்கள். பாலூட்டும் காலத்தை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு வருஷம் என்று அது வரையறுக்கிறது. தாய்க்கு உணவும் உடையும் தருவது தகப்பன் பொறுப்பு என்கிறது. அதோடு நிற்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னே பால் மறக்கச் செய்ய விரும்பினால், இருவரும் கலந்து பேசி, இருவரும் இசைந்து செய்தால் குற்றமில்லை என்கிறது. பால் மறக்கச் செய்வது எவ்வளவு சின்ன விஷயம்! மாமியாரோடு பேசி முடிக்கிற விஷயமென்று நாம் நினைக்கிறோம். அதற்கே தகப்பனும் உட்கார்ந்து மஷூரா செய்ய வேண்டுமென்றால், எந்தத் தாடிக்காவில் சேர்ப்பது, ஓதப் போவது எப்போது, வீட்டில் தமிழ் பேசுவதா மலாய் பேசுவதா என்பவற்றையெல்லாம் அவள் ஒருத்தி தலையில் கட்டிவிட முடியுமா? வீட்டிலே பெருமானார் என்ன செய்வார்கள் என்று கேட்டவர்களுக்கு, குடும்பத்தார் வேலையில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து போவார்கள் என்றே ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள்.

வியாபாரிகளாகிய நமக்கென்றே சொன்னது போன்ற ஒரு சம்பவம் உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத் காலத்தில் நடந்ததாக வரலாற்றில் வருகிறது. ஒரு வியாபாரக் கூட்டம் மதீனாவுக்கு வந்து தொழுகை மைதானத்தில் இறங்கிற்று. இரவில் அவர்களுடைய சரக்குக்குக் காவலாகக் கலீஃபாவும், பெரிய வியாபாரியான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் விழித்திருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழும் சத்தம் கேட்டது. உமர் போய்த் தாயிடம் குழந்தையைக் கவனிக்கச் சொல்லி வந்தார்கள். மறுபடியும் அழுகை. மறுபடியும் போனார்கள். இப்படி மூன்று முறை ஆயிற்று. கடைசியில் அந்தத் தாய், இவர் யாரென்று அறியாமலே காரணத்தைச் சொன்னாள்: பால் மறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே கலீஃபா உதவித்தொகை கொடுக்கிறார், ஆகவே காலத்துக்கு முன்னே பால் மறக்கடிக்கப் பார்க்கிறேன் என்றாள். அன்று ஸுபுஹுத் தொழுகையில் உமர் அழுத அழுகையால் அவர்கள் ஓதியது பின்னால் நின்றவர்களுக்கு விளங்கவில்லையாம். பிள்ளை பிறந்த உடனேயே உதவித்தொகை என்று சட்டம் மாறிற்று.

உமர் (ரலி) அவர்கள் கொடுமைக்காரரல்லர். நல்ல எண்ணத்தில் போட்ட ஒரு விதி, தாம் காணாத ஒரு கூடாரத்தில் ஒரு குழந்தையை அழ வைத்தது. அவர்கள் அங்கே போய்க் கேட்டதால்தான் தெரிந்தது. முதலாளிகளாகிய நாமும் விதிகள் போடுகிறோம். நம் விதியால் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை அழுகிறதென்று நாம் கேட்டதுண்டா?

நம் கடைகளில் வேலை செய்யும் இந்நாட்டுப் பையன்களுக்கும் வீடு உண்டு. 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் அமலுக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், மணமான ஆண் தொழிலாளிக்குப் பிள்ளை பிறந்தால் தொடர்ந்து ஏழு நாள் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டுமென்கிறது. ஐந்து பிரசவம் வரை இவ்வுரிமை உண்டு. அவர் குறைந்தது பன்னிரண்டு மாதம் உங்களிடம் வேலை செய்திருக்க வேண்டும். உத்தேச நாளுக்கு முப்பது நாள் முன்னதாகவோ, பிரசவத்துக்குப் பின் கூடிய சீக்கிரமோ தெரிவிக்க வேண்டும். பெண்களுக்குப் பிரசவ விடுமுறை அறுபதிலிருந்து தொண்ணூற்றெட்டு நாளாயிற்று. வார வேலை நேரம் நாற்பத்தெட்டிலிருந்து நாற்பத்தைந்து மணியாகக் குறைந்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது முன்பிருந்தே உள்ள சட்டம். இவற்றை வியாபாரத்துக்கு வந்த இடைஞ்சல் என்று முணுமுணுப்போர் உண்டு. ஏழாம் நாள் அகீக்கா கொடுத்து, முடி இறக்கிப் பேர் வைக்கும் நம் சுன்னத்துக்கு இந்த ஏழு நாள் எவ்வளவு பொருத்தம்!

ஊரிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களின் நிலை வேறு. பழைய கப்பல் போய் விமானம் வந்ததே தவிர, அவர்கள் இன்றும் அசல் சபராளிகளே. நம் சமையற்காரரின் பிள்ளை இராமநாதபுரம் பக்கத்தில் வளர்கிறது. தகப்பன் முகத்தை அது போனில்தான் பார்க்கிறது. இதிலும் ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டு நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. இரவு பதினொன்றரைக்கு அவர் கை கழுவி விட்டுப் போனை எடுத்தால் அங்கே ஒன்பது மணி, பிள்ளை தூங்கிவிட்டிருக்கும். அங்கே பள்ளி விட்டுப் பிள்ளை வந்து விளையாடும் மாலை ஆறு மணி, இங்கே இரவு எட்டரை; கடையில் மூச்சுவிட நேரமிராது. ஆனால் அங்கே பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் காலை ஏழு மணிக்கு இங்கே ஒன்பதரை. காலைப் பசியாறும் கூட்டம் ஓய்ந்து, மதியச் சமையல் சூடு பிடிக்காத நேரம். அந்தக் கால் மணியை அவருக்கு உரிமையாக விட்டுக்கொடுப்பதால் எந்தக் கடையும் நொடித்துப்போகாது. "போனிலேயே இருக்கிறான்" என்று திட்டுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் சொந்த வீட்டுக்கும் இப்படியே நேரம் கண்டுபிடிக்கலாம். எல்லாக் கடைக்கும் ஒரு மந்தமான வேளை உண்டு. சாப்பாட்டுக் கடைக்கு அஸருக்குச் சற்று முன், மளிகைக்குக் காலை பத்துக்கு மேல். அந்த வேளையில் கல்லாவில் உட்கார்ந்து போனைத் தடவுவதை விட்டு வீட்டுக்குப் போய் வரலாம். பங்காளியோ தம்பியோ இருந்தால் முறை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. தாடிக்காவுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடும் அரை மணி தகப்பனுடையது என்று வைத்துக்கொண்டவர்கள், பிள்ளை வண்டியிலே எவ்வளவு பேசுகிறதென்று சொல்லி ஆச்சரியப்படுகிறார்கள்.

நேரம் கொடுக்க முடியாதவர்கள் சாமான் கொடுத்துச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். அதிலும் இரண்டு எச்சரிக்கை தேவை. ஒருவருக்குக் கொடுத்து மற்றவரை விடலாகாது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, தகப்பனார் அவருக்கு மட்டும் ஒரு நன்கொடை கொடுத்து, அதற்குப் பெருமானாரைச் சாட்சி வைக்கப் போனார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லையென்றதும், பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடக்கும்படி சொன்னார்கள். அவர் அந்த நன்கொடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மற்றொன்று, ஏமாற்று வாக்கு. 'அழாதே, வாப்பா வரும்போது பொம்மை கொண்டுவருவார்' என்று சொல்லி, வெறுங்கையுடன் வருவது நம்மிடம் சர்வ சாதாரணம். ஒரு தாய் தன் சிறுவனை 'வா, தருகிறேன்' என்று அழைத்தபோது, என்ன கொடுக்க எண்ணினாய் என்று பெருமானார் விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றாள். ஒன்றும் கொடாதிருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். சரக்குக்காரரிடம் வாக்குத் தவறாதவர், மூன்று வயதுப் பிள்ளையிடம் தவறுவதேன்? அதற்குக் கோர்ட்டுக்குப் போகத் தெரியாது என்பதாலா?

போனைக் கையில் கொடுத்துப் பிள்ளையை அடக்குவதையும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டியில், இரண்டு வயது ஆகாத குழந்தைகள் திரையின் முன் உட்கார வேண்டாமென்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாமென்றும் கூறியிருக்கிறது. கடை மேசையில் உட்கார்த்திப் போனைக் கொடுத்துவிட்டு, 'பிள்ளை என்னோடுதான் இருந்தது' என்று கணக்கு எழுதிக்கொள்வது கள்ளக் கணக்கு.

கிளினிக்கில் கொடுக்கும் பிள்ளையின் சுகாதாரப் புத்தகம் வீட்டில் எந்த அலமாரியில் இருக்கிறதென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்றிரவே எடுத்துப் பார்க்கலாம். பிறந்த குழந்தைக்கு இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் மாதங்களில் ஊசி உண்டு. தட்டம்மைக்கு ஒன்பதாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும். சரக்குக்காரருக்குப் பணம் கட்டும் தேதிகளைக் குறித்து வைக்கும் கடைக் காலண்டரிலேயே இந்தத் தேதிகளையும் சிவப்பு மையால் எழுதிவிட்டு, அன்று காலை கல்லாவுக்கு ஒரு ஆளைச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட இரவு பிள்ளைக்குச் சற்று ஜுரம் காயும். அன்றைக்கு மட்டுமாவது கடையைப் பத்து மணிக்கு முன் விட்டு வரவேண்டும்.